இழுப்பது கடைசி வேலை

சேற்றில் பதிந்த கார் தானாக யாரையும் கொல்வதில்லை. ராத்திரி முழுக்க விட்டாலும் அது பாட்டுக்கு நிற்கும். அதன் பம்பரில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை இன்னொரு வண்டியில் மாட்டி, சுற்றி நிற்கும் கூட்டம் "இன்னும் கொஞ்சம், விடாதே" என்று குரல் கொடுக்கத் தொடங்கும்போதுதான் உயிருக்கு ஆபத்து பிறக்கிறது. நம் ஊரில் வண்டி மாட்டிக்கொண்டால் ஆள் வராமல் இருப்பதில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வருவார், வயலில் நிற்பவர் மண்வெட்டியோடு வருவார், டிராக்டர்காரர் காசு பேசாமலே சங்கிலியை எடுத்து வருவார். அந்த நல்ல மனத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் கூடவே ஓர் அவசரமும் வந்துவிடுகிறது. வண்டி ஏன் நின்றது, எதில் நிற்கிறது, எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்க்கும் முன்பே கயிறு கட்டியாகிவிடுகிறது. பொறியியல், போக்குவரத்துச் சட்டம், காப்பீட்டு ஒப்பந்தம் ஆகிய மூன்றும் இதற்கு நேர்மாறான வரிசையைச் சொல்கின்றன. ஆட்களை இறக்குவது முதலில், வண்டியைப் பார்ப்பது அடுத்து, மண்ணைத் தோண்டுவது அதற்கும் பிறகு. இழுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

நிற்கும் இடமே ஆபத்தாக இருக்கும் நேரங்களும் உண்டு. நெடுஞ்சாலையின் ஓடுபாதை, தண்ணீர் ஏறும் சுரங்கப்பாதை, ரயில்வே கேட் ஆகிய இந்த மூன்றில் வண்டியைப் பற்றி யோசிக்கவே கூடாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் 28 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் முன்னால் நிற்பதைக் கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரையிலிருந்து இரண்டு நொடி ஆகும். அதற்குள் 40 முதல் 55 மீட்டர் போயிருக்கும். பிரேக் பிடித்து நிற்கும் தூரம் தனி. அதனால் எச்சரிக்கை முக்கோணத்தைக் காருக்கு நாலடி பின்னால் வைப்பது சடங்குக்கு வைத்த மாதிரிதான். நெடுஞ்சாலையில் குறைந்தது நூறு மீட்டராவது பின்னால் இருக்க வேண்டும், வளைவு இருந்தால் வளைவுக்கும் முன்னால். அதை வைக்கப் போகிறவர் சாலைக்குள் நடக்காமல் ஓரமாகவே, வரும் வண்டிகளைப் பார்த்தபடி போக வேண்டும். குடும்பத்தினர் ஓரத்துக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்க வேண்டும். மழை என்றாலும் வெயில் என்றாலும் குழந்தைகளைக் காருக்குள் உட்காரவைப்பதும், எல்லோரும் காரின் பின்புறம் நின்று மெக்கானிக்குக்குப் போன் போடுவதும்தான் பெரிய தவறு. முக்கோணம் இல்லாதவர்கள் கல்லையும் மரக்கிளையையும் சாலையில் வைக்கிறார்கள். வண்டி கிளம்பியதும் அவை அப்படியே கிடக்கின்றன. அந்த இரவில் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரருக்கு அது வெட்டிவைத்த குழி. புதுக் கார் வாங்கும்போதே முக்கோணம் கூடவே வருகிறது. பல வீடுகளில் அது டிக்கியின் அடியில் உறை பிரிக்காமலே கிடக்கிறது.

தண்ணீரின் கணக்கு இன்னும் கொடியது. ஓடும் நீர் ஓரடி உயர்ந்தாலே சின்னக் காரைத் தள்ளிவிடும். இரண்டடி உயர்ந்தால் பெரும்பாலான குடும்ப வாகனங்களை நகர்த்திவிடும். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி, உள்ளே இருந்த பெண் ஒருவர் இறந்துபோனார். சுரங்கப்பாதையில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பிப் பார்க்கும் அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் வெளியேறக் கிடைத்த நேரம். நீர் கதவை வெளியிலிருந்து அழுத்தத் தொடங்கிவிட்டால் கதவு திறக்காது; பேட்டரியில் உயிர் இருக்கும்போதே ஜன்னலை இறக்கிவிட வேண்டும். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் வண்டி நின்றுபோனால் எல்லோரும் இறங்கி விலகி ஓட வேண்டும், ஒருவர் கேட் கீப்பரிடம் ஓட வேண்டும். அகலப்பாதையில் ஆளில்லா கேட்டுகள் 2019 தொடக்கத்துக்குள் ஒழிக்கப்பட்டுவிட்டதால், அங்கே பெரும்பாலும் ஒரு ஆள் இருப்பார். ரயிலை நிறுத்தும் வழி அவர் கையில்தான் இருக்கிறது, நம் கயிற்றில் இல்லை.

இந்த மூன்று இடங்களைத் தவிர்த்தால் மற்ற எங்கும் நமக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் முதலில் கவனிக்க வேண்டியது சக்கரம் எவ்வளவு புதைந்திருக்கிறது என்பது. கெட்டியான தார்ச்சாலையில் 1,200 கிலோ காரை உருட்ட இருபது கிலோ அளவு விசை போதும். அதனால்தான் ஒருவரே தள்ளிக்கொண்டு போகிறார். சேற்றில் கணக்கு தலைகீழாகிறது. புதைந்த வண்டிகளை மீட்பதற்கென அமெரிக்க ராணுவம் வைத்திருக்கும் கையேட்டுக் கணக்குப்படி, சக்கர அளவுக்குப் புதைந்தால் சேறு தரும் எதிர்ப்பு வண்டியின் முழு எடைக்குச் சமம்; சக்கரத்தின் மேல் மூடி வரை புதைந்தால் அதுவே இரண்டு மடங்கு. அதாவது பாதி புதைந்த ஒரு எஸ்யூவியை இழுப்பது அதைச் செங்குத்தாகத் தூக்குவதற்கு ஒப்பு. இந்த விசையைக் குறைக்க மண்வெட்டியை விட நல்ல கருவி கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் சரிவாகத் தோண்டி, வண்டியின் வயிறு மண்ணில் உட்கார்ந்திருந்தால் அந்த மண்ணையும் வழித்தெடுத்து, பலகையோ கல்லோ உமிச்சாக்கோ போட்டுவிட்டால், பல நேரங்களில் கயிறே தேவைப்படாது. இருபது நிமிடத் தோண்டலைத் தவிர்க்கத்தான் இத்தனை பேர் விரலையும் காலையும் பணயம் வைக்கிறார்கள்.

மணலுக்கு வேறு மருந்து. இராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை வந்த பிறகு வெளியூர்க் கார்கள் நேரே கடல்முனைவரை போகின்றன. படம் எடுக்கச் சாலையோரம் ஒரு சக்கரத்தை இறக்கினால் போதும், மணல் விழுங்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இதே கதைதான். மணலில் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தச் சக்கரம் தனக்குத்தானே குழி வெட்டிக்கொள்கிறது. டயர்க் காற்றை முப்பது சொச்சத்திலிருந்து பதினெட்டு பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மணல் மேல் மிதக்கும். வந்த தடத்திலேயே, ஏற்கெனவே அமுங்கிய மணலில், ரிவர்ஸில் மெதுவாக எடுத்தால் வெளியே வந்துவிடும். அடுத்த பங்கில் காற்றடிக்கும் வரை வேகம் மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, திருப்பங்களில் வெட்டி ஓட்டவும் கூடாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழலும்போது ஸ்பீடோமீட்டர் காட்டுவது இரண்டு சக்கரங்களின் சராசரி. முள் 60இல் நின்றால் சுழலும் சக்கரம் 120இல் சுழல்கிறது. அந்த வேகத்தில் டயர் வெடித்து, பக்கத்தில் குனிந்து தள்ளிக்கொண்டிருப்பவரின் முகத்தில் அடிக்கும். சக்கரத்துக்கு அடியில் திணித்த கால்மிதியும் கல்லும் பின்னால் நிற்பவரை நோக்கித்தான் பறக்கும். தள்ளுபவர்கள் சுழலும் சக்கரத்தின் நேர்கோட்டிலும் வண்டிக்கும் சுவருக்கும் நடுவிலும் நிற்கவே கூடாது. சைலன்சர் வாய் சேற்றிலோ நீரிலோ மூழ்கியிருந்தால் ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுக் குழந்தைகளை உள்ளே உட்காரவைப்பதும் கூடாது. புகையில் உள்ள நச்சு வாயு காருக்குள் கசியும், அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை.

இதையெல்லாம் செய்தும் வரவில்லை என்றால்தான் கயிறு. அப்போதும் எந்தக் கயிறு, எங்கே கட்டுவது, யார் எங்கே நிற்பது என்ற மூன்று கேள்விகள் இருக்கின்றன. இழுக்கும் கார் 1,200 கிலோ. தொய்ந்த கயிற்றோடு சற்றே ஓடி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வெடுக்கென்று இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓட்டத்தில் இருக்கும் ஆற்றல் சுமார் 4,600 ஜூல். கயிறு நீண்டு இதை உள்வாங்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் இரண்டு கிலோ இரும்புக் கொக்கி ஒன்று பிய்த்துக்கொண்டால், ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு மட்டும் அதற்குப் போனாலும் அது மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் பறக்கும். இது காரின் கண்ணாடியைத் துளைத்து ஓட்டுநரைத் தாக்கப் போதுமானது. இத்தகைய சாவுகள் நேர்ந்த ஆஸ்திரேலியாவில் வண்டி மீட்புப் பட்டைகளுக்குக் கட்டாயத் தரநிலையே உண்டு: பட்டையின் அறும் வலிமை இரண்டு வண்டிகளில் லேசானதன் மொத்த எடையைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு இருக்க வேண்டும், டிரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழில் மாட்டக் கூடாது, பார்ப்பவர்கள் பட்டை நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்க வேண்டும் என்ற எச்சரிக்கைகள் அதன் மேலேயே அச்சிடப்பட வேண்டும். ஒன்பது மீட்டர்ப் பட்டை என்றால் பதினான்கு மீட்டர். நம் ஊரில் அந்தத் தூரத்துக்குள் ஒரு சிறு கூட்டமே நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்.

இங்கே கடையில் விற்கும் 'டோ' கயிற்றின் மேல் '5 டன்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் அறுபடும் எடை, இழுக்கத் தகுந்த எடை அல்ல. முடிச்சு போட்டால் கயிற்றின் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். இரும்புச் சங்கிலி நீளாது. அதனால் வெடுக்கென்று இழுத்தால் அடி முழுவதும் கொக்கியில் இறங்கும். கார் டிக்கியில் ஜாக்கி, ஸ்பேனரோடு ஒரு திருகு வளையம் இருக்கும். பம்பரில் உள்ள சிறு மூடியை நெம்பி எடுத்தால் அதைத் திருகி மாட்டும் துளை தெரியும். நெடுஞ்சாலையில் நேராக, மெதுவாக இழுத்துச் செல்வதற்கான வளையம் அது; பக்கவாட்டில் இழுத்தாலோ குலுக்கி இழுத்தாலோ முறிந்துவிடும். காரின் அடியில் தெரியும் வேறு சில வளையங்கள் லாரியில் ஏற்றி அனுப்பும்போது கட்டிவைப்பதற்கு மட்டுமே. பம்பர், சஸ்பென்ஷன் கம்பி, பம்பருக்கு முன் பொருத்திய அலங்காரக் கம்பி இவற்றில் கட்டவே கூடாது. அந்த அலங்காரக் கம்பிகளை மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. இருந்தும் இன்றைக்கும் இழுக்கும்போது எல்லோர் கண்ணும் முதலில் போவது அதன் மேல்தான். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கையோ தடித்த போர்வையையோ போட்டால் அறுந்தாலும் கயிறு தரையில் விழ வாய்ப்பு கூடும். தொய்வை மெல்ல எடுத்து, முதல் கியரில், நேர்கோட்டில், குலுக்காமல் இழுக்க வேண்டும். இரண்டு முறை இழுத்தும் அசையவில்லை என்றால் விசை போதவில்லை என்று நினைக்காமல், தோண்டியது போதவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிராமத்தில் முதலில் வருவது டிராக்டர். வலுவில் அதற்கு நிகரில்லை, ஆனால் இழுப்பில் அதைப் போல் ஏமாற்றும் எந்திரமும் இல்லை. டிராக்டரின் பின்சக்கரங்கள் மண்ணில் பிடித்து நின்று, சங்கிலி அச்சை விட உயரமான இடத்தில், மேல் இணைப்புக் கம்பியிலோ இருக்கைக்குக் கீழேயோ கட்டப்பட்டிருந்தால், முன்சக்கரங்கள் எழும்பி டிராக்டர் பின்னோக்கிப் புரண்டுவிடும். ஓட்டுபவர் கிளட்சை மிதிக்க நினைக்கும் முன்பே, ஒரு நொடிக்குள், திரும்ப முடியாத நிலை கடந்துபோகும். மேலே பாதுகாப்புக் கூண்டு இல்லாத டிராக்டரில் அடியில் போவது ஓட்டுநர்தான். சங்கிலியைப் பின்புறம் தாழ்வாக உள்ள இழுவைக் கம்பியில் மட்டுமே கட்ட வேண்டும். ஜேசிபியைக் கூப்பிட்டால் சங்கிலியைப் பக்கெட்டில் மாட்டித் தூக்கச் சொல்வதும் இதே வகைதான்; தூக்கிய காரின் அடியில் ஒருவர் பலகை வைக்கப் போவதை எந்த ஆபரேட்டரும் அனுமதிக்கக் கூடாது.

'காலங்காலமாக இப்படித்தான் இழுக்கிறோம், என்ன ஆகிவிட்டது?' என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். பத்துத் தடவையில் ஒன்பது தடவை எதுவும் ஆவதில்லை. ஆனால் அந்த ஒன்பது தடவையும் கயிறு தன் எல்லைக்கு எவ்வளவு அருகில் போய்வந்தது என்று யாருக்கும் தெரியாது; அறுந்த தடவை மட்டும்தான் தெரியும். அதோடு வண்டிகளும் மாறிவிட்டன. அம்பாசடரின் சேசிஸில் எங்கு கட்டினாலும் தாங்கும் என்ற அனுபவத்தை வைத்து, மெல்லிய தகட்டில் செய்த இன்றைய ஹேட்ச்பேக்கைக் கணிக்க முடியாது.

நின்றுபோன வண்டியைச் சாலையில் இழுத்துச் செல்வதற்குச் சட்டம் தெளிவான கட்டுப்பாடு விதித்திருக்கிறது. 1989ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குமுறையும் அதற்குப் பதிலாக 2017இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறையும் அடிப்படையில் ஒன்றையே சொல்கின்றன: பழுதான வண்டியை அருகிலுள்ள பட்டறைவரை மட்டுமே இழுக்கலாம், இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும், அல்லது முன்சக்கரங்கள் கிரேனில் தூக்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு வண்டிக்கும் இடைவெளி ஐந்து மீட்டரைத் தாண்டக் கூடாது, கயிறு பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பின்னால் 'ஆன் டோ' என்ற பலகை வேண்டும், வேகம் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்குள். பதின்மூன்று வயதுப் பையனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து அப்பா முன்னால் இழுப்பது இந்த விதிப்படி குற்றம்; ஒரு பைக்கை இன்னொரு பைக்கில் இருப்பவர் காலால் உதைத்தபடியே பத்துக் கிலோமீட்டர் கொண்டுபோகும் நம் ஊர் வித்தையும் இந்த விதி காக்க நினைக்கும் எதையும் காப்பதில்லை. எஞ்சின் ஓடாத காரில் பிரேக் உதவி இரண்டு மூன்று மிதிப்பில் தீர்ந்துவிடும். அதன் பிறகு பிரேக் இருக்கும், ஆனால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றும். ஓட்டும் சக்கரம் தரையில் உருள இழுத்தால் உள்ளே தேய்ந்துபோகும். நான்கு சக்கர இயக்க வண்டியையும் மின்சாரக் காரையும் நான்கு சக்கரமும் மேலே இருக்கும்படி தட்டுள்ள ரெக்கவரி வண்டியில்தான் ஏற்ற வேண்டும். மின்சாரக் காரின் மோட்டார் சக்கரம் உருண்டாலே மின்சாரம் உண்டாக்கும் என்பதை மெக்கானிக் மறந்தாலும் வண்டிக்காரர் மறக்கக் கூடாது. மின்சாரப் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் பேட்டரி இறந்தால் சக்கரம் பூட்டியே இருக்கும். இழுத்தால் தரையோடு இழுபடும்.

மழைவெள்ளத்தில் முங்கிய காரை இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதுதான் நம் ஊரில் மிகச் செலவுவைக்கும் பழக்கம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது. நீர் சுருங்காது, அதனால் பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளையும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில், அதே மாத நடுவில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர் மழை கொட்டிய தூத்துக்குடி மாவட்டத்தில், முங்கிய வண்டிகளுக்கு வந்த இழப்பில் ஒரு பகுதி இந்தச் சாவித் திருப்பலால்தான். 2024 அக்டோபரில் வேளச்சேரிக்காரர்கள் மழைக்கு முன்பே மேம்பாலத்தில் கார்களை ஏற்றி நிறுத்தியதைச் சிலர் கேலி செய்தார்கள். அனுபவம் கற்றுத்தந்த அறிவு அது. சாதாரண முழுமைக் காப்பீட்டுப் பாலிசி வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் எந்திரக் கோளாறையும், முதல் சேதத்தின் விளைவாகப் பின்னால் வரும் சேதத்தையும் அது விலக்குகிறது. பழுதான வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டிக் கூட்டிக்கொண்ட சேதம் உரிமையாளர் பொறுப்பு என்றும், வண்டியைக் காப்பில்லாமல் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்றும் அதன் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. கிளெய்ம் மறுக்க நிறுவனங்கள் முதலில் புரட்டுவது இந்தப் பக்கங்களைத்தான். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பை வாங்கியவர்கூட, முங்கிய வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் அது செல்லுமா என்று அந்தத் தாளைப் படித்துவைத்துக்கொள்வது நல்லது. விபத்தோ வெள்ளமோ வண்டியை முடக்கினால் அருகிலுள்ள பட்டறைக்குக் கொண்டுபோகும் நியாயமான செலவைப் பாலிசியே தரும்: பொதுவான வாசகப்படி தனிக் காருக்கு 1,500 ரூபாய் வரை, இருசக்கர வாகனத்துக்கு 300. இது பலருக்குத் தெரியாததால் ரசீது வாங்காமலே காசு கொடுத்துவிடுகிறார்கள்.

காத்திருந்தால் போலீஸ் அபராதம் போடுமே என்ற பயமும் அவசரத்துக்கு ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 201ஆம் பிரிவு போக்குவரத்துக்கு இடையூறாக வண்டியை நிறுத்துவதற்கு 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால் எதிர்பாராமல் பழுதாகி, அகற்றும் வேலை நடந்துகொண்டிருக்கும் வண்டிக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எனவே கயிறு தேடும் முன் ரெக்கவரிக்கோ 112க்கோ தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கோ போன் செய்துவிட்டால், அந்த அழைப்பின் நேரமே உங்கள் சாட்சி. 127ஆம் பிரிவுப்படி பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் வண்டியையும், ஆபத்தை உண்டாக்கும் வண்டியையும் காவல்துறை அகற்றலாம்; செலவு உரிமையாளருக்கு. ஆகவே விட்டுவிட்டுப் போவது தீர்வல்ல, சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான் தீர்வு. 1033க்குப் பேசினால் சுங்கச்சாவடிப் பகுதியின் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் வரும். ஓடுபாதையிலிருந்து வண்டியை அகற்றுவது சாலைப் பராமரிப்பு வேலையில் அடங்கியது. உங்கள் ஊர்ப் பட்டறைவரை கொண்டுபோவது அதில் அடங்காது, அதற்குத் தனிப் பேச்சு. ஓரத்துக்கு எடுத்து வைக்கவே காசு கேட்டால் எந்தக் கணக்கில் என்று கேட்டு, ரசீது வாங்கி, அதே எண்ணில் புகார் பதியலாம்.

தனியார் கிரேன் அள்ளிக் கேட்கிறதே, நள்ளிரவில் குடும்பத்தோடு எவ்வளவு நேரம் நிற்பது என்பது இந்த வாதத்துக்கு எதிரான உண்மையான கேள்வி. இதற்கு நல்ல பதில் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே தயாராக இருக்க வேண்டும்: பாலிசியோடு சாலையோர உதவிச் சேர்க்கை இருக்கிறதா, அந்த எண் ஓட்டுநர் அல்லாத ஒருவர் போனிலும் இருக்கிறதா என்று பார்த்து வைப்பது. இல்லாவிட்டால், கொக்கி மாட்டும் முன் தொகையைப் பேசி, எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கி, காரை நான்கு பக்கமும் படம் எடுத்து, ரொக்கமாகத் தராமல் போன் வழியாக அனுப்பி, வண்டி எண் உள்ள ரசீது கேட்க வேண்டும். கிரேனில் ஏற்றும்போது பம்பர் உடைந்தால் அது சேவைக் குறைபாடு. காசு வாங்கி ஏற்றியவர்தான் பதில் சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதன் பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுக்குள். ஐந்து லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு, அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதம் பதில் இல்லாவிட்டால் காப்பீட்டு முறைமன்றத்துக்கு (ஆம்பட்ஸ்மேன்) போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, வக்கீலும் வேண்டாம், பணமும் வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் பதியலாம். காசு வாங்காமல் இழுத்துத் தந்த டிராக்டர்காரர் மேல் இந்த வழி எதுவும் செல்லாது, செல்லவும் கூடாது.

அந்த டிராக்டர்காரருக்கோ கயிற்றைப் பிடித்த இளைஞருக்கோ அடிபட்டால் என்ன? 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு விபத்தில் காயம்பட்டவருக்கு உதவுபவரைக் காக்கிறது. காரை மீட்க உதவுபவரைக் காக்க அது எழுதப்படவில்லை. ஆனால் வேறு கதவு திறந்திருக்கிறது. 1987இல் மகாராஷ்டிரத்தில் நெடுஞ்சாலையில் கவிழ்ந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கில், ஓடாமல் கிடக்கும் வண்டியும் சட்டப்படி பயன்பாட்டில்தான் இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. அந்த அடிப்படையில், பழுதாகி நின்ற வண்டியை இழுக்கும்போது அதன் உரிமையாளரின் கவனக்குறைவால் காயமடைந்த மூன்றாம் நபர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்திடம் கோரிக்கை வைக்க இடமுண்டு. அதற்கு நடந்த அன்றே காவல் நிலையத்தில் பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டில் காயம் எப்படி நேர்ந்தது என்ற குறிப்பு, இரண்டு வண்டிகளின் எண், அறுந்த கயிற்றின் படம் எல்லாம் வேண்டும். ஊர்க்காரர்கள் சமாதானம் பேசி ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். விரல் போனது, வேலை போனது என்று தெரியவரும்போது ஆறு மாதக் காலக்கெடு முடிந்திருக்கும். 2019 திருத்தத்துக்கு முன் பல ஆண்டுகளாக இந்தக் கெடு இல்லாதிருந்தது. அந்தத் திருத்தப்படி விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் ஆகியிருக்க வேண்டும்.